உடும்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

நான் மலையை விட்டு இறங்கியதற்குக் காரணம் ஒரு உடும்பு என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிற மாதிரிதான் நானும் சொல்வேன். அந்தக் கதையை நான் சிரிக்காமல் சொல்வது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டைச் சேர்ந்த ஒரு சின்னக் குடியிருப்பில் எங்கள் வீடு இருந்தது. பிறப்பால் நாங்கள் மலைக்காரர்கள் இல்லை. அப்பாவின் ஊர் போளூருக்கு மேற்கே அடிவாரத்தில். அங்கே கூடப்பிறந்தவர்களோடு நிலத்தகராறு முற்றிப்போய், அம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு மலையேறியவர். ஒருவருடைய காட்டை வாரத்துக்கு எடுத்துச் சாமை விதைத்தார். நான் மலையில்தான் பிறந்தேன். ஆனாலும் எங்கள் வீட்டுக்குப் பெயர் 'கீழ்நாட்டான் வூடு' என்பதுதான். சுவரில் மாதா படம் மாட்டியிருந்த ஒரே வீடும் அதுதான். இரண்டு காரணத்தாலும் எங்களிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை, கொண்டாட்டத்துக்கும் கூப்பிடவில்லை.

புளி உலுக்கும் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து மண்டிக்காரர் ஒருவர் ஜீப்பில் வருவார். புளியும் கடுக்காயும் வாங்கிக்கொண்டு போவார். அவரும் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்பதால் எங்கள் வீட்டில் மட்டும் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். அப்பா அவர் எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் வருகிற நாளில் அப்பா சட்டை போட்டுக்கொள்வார்.

அந்த வருடம் உடும்பு எங்கள் வீட்டுக்கு வந்தது தற்செயல்தான். பாறை இடுக்கில் நாய் மோப்பம் பிடித்துக் குரைக்க, அப்பா கையை விட்டு இழுத்து வெளியே எடுத்தார். பிடிக்கக் கூடாது என்று அப்போதே சட்டம் வந்துவிட்டதாம். எங்கள் ஊருக்கு அது ஏறி வரவில்லை. வழக்கமாக உடும்பு அகப்பட்டால் அன்றைக்கே குழம்புதான். இது குட்டி. அப்பாவின் கை நீளம்கூட வராது. கரும்பழுப்பு முதுகில் மஞ்சள் புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தன. இதில் என்ன கறி தேறும் என்று சொல்லி, கொஞ்சம் வளரட்டும் என்று இடுப்பில் கயிறு கட்டிப் பலா மரத்தில் பிணைத்துவிட்டார். அண்ணன் அதைக் குச்சியால் குத்தி விளையாடினான். எனக்கு அப்போது அதன்மேல் தனியாக ஒரு பாசமும் கிடையாது. அது ஒரு நாள் சட்டிக்குப் போகும், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்து மண்டிக்காரர் வந்தபோது மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கீழே வெயில் தாங்கவில்லை, மலைக்காற்று வாங்கலாம் என்று வந்தார்களாம். அந்த அம்மா மாசமாக இருந்தார். இடுப்பில் கை வைத்து மெல்ல நடந்து வந்து பலா மரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதுதான். ஷூ போட்டிருந்தான். மலைப்பாதையில் ஷூ போட்ட கால்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பையன் உடும்பைப் பார்த்துவிட்டான். முதலைக் குட்டியா என்று கேட்டான். அண்ணன் இல்லை என்று சொல்லியும் நம்பவில்லை. எதுவாக இருந்தாலும் தனக்கு வேண்டும் என்றான். அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். அவன் தரையில் புரண்டு அழுதான், ஷூவெல்லாம் மண். மண்டிக்காரர் சிரித்துக்கொண்டே, வீட்டுக்குப் பின்னால் அவ்வளவு இடம் கிடக்கிறதே, ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

"அத யாரு பாத்துக்கறது? நான் இருக்கற நெலமைல?" என்று கேட்டார் அந்த அம்மா.

நான் அவருக்குக் குடிக்கக் கொண்டுவந்த சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"இவ பாத்துக்குவாம்மா. பயப்படமாட்டா. எல்லா வேலையும் செய்வா."

அந்த அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். சொம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். முடியை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பார்த்தார். உடும்பைப் பிடிக்கிற கைக்கு வலு இருக்கிறதா என்று சோதிக்கிறார் என நான் நினைத்தேன். விரல்களை நன்றாக விரித்துக் காட்டினேன். பாத்திரம் தேய்க்க வருமா என்று கேட்டார். உடும்புக்குத் தண்ணீர் வைக்கிற சட்டியைத் தினமும் கழுவ வேண்டியிருக்கும் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. வரும் என்று சத்தமாகச் சொன்னேன்.

பிறகு மண்டிக்காரரும் அப்பாவும் ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்று வெகுநேரம் பேசினார்கள். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. வந்தவர்கள் கிளம்பும்போது, பெட்டி ஒன்று செய்து தயாராக வைக்கும்படியும், இந்தப் பருவத்துக் கடைசி நடையில் வந்து கூட்டிப்போவதாகவும் மண்டிக்காரர் சொன்னார். 'எடுத்துப்போவதாக' என்று சொல்லாமல் 'கூட்டிப்போவதாக' என்றாரே, உடும்புக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து நான் வீட்டில் முக்கியமான ஆள் ஆகிவிட்டேன்.

அப்பா அதுவரை எனக்கென்று ஒரு பம்பரம்கூடச் செதுக்கியவர் அல்ல. பழைய கதவிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பலகைகளை எடுத்துவந்து, வாசலில் உட்கார்ந்து பெட்டி செய்யத் தொடங்கினார். எவ்வளவு உயரம் வேண்டும், மூடி மேலே இருக்கட்டுமா பக்கத்தில் இருக்கட்டுமா என்று என்னைக் கேட்டார். என்னை ஒருவர் யோசனை கேட்டது அதுதான் முதல். அது மரம் ஏறுகிற பிராணி, மூடி மேலே இருந்தால் திறந்ததும் பாய்ந்துவிடும் என்றேன். அப்படியா என்று யோசித்துவிட்டு, அப்படியே பக்கத்தில் வைத்தார். முன்பக்கம் மூங்கில் பிளாச்சுகளை நெருக்கமாக அடித்தார். உள்பக்கச் சிலாம்பு குத்திவிடக்கூடாது என்று உடைந்த கண்ணாடிச் சில்லால் பலகையைச் சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்கினார். சுரண்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்தேன்.

ஓடைக்குப் போய் மணல் அள்ளிவந்து வெயிலில் காய வைத்து, கல் பொறுக்கிப் பெட்டிக்குள் பரப்பினேன். ஒரு பக்கம் மணலை உயர்த்தி, அது தோண்டிப் படுத்துக்கொள்ள இடம் விட்டேன். வெயில் காய ஒரு தட்டைக் கல். ஒளிந்துகொள்ள வளைந்த மரப்பட்டை ஒன்று. தண்ணீருக்கு அகலமான மண்சட்டி. உடும்பு தண்ணீரைக் குடிப்பது மட்டுமில்லை, வெயில் ஏறினால் அதிலேயே போய்ப் படுத்துக்கொள்ளும். சட்டியைக் கவிழ்த்துவிடாமல் பாதிவரை மணலில் புதைத்து வைக்கக் கற்றுக்கொண்டேன். குளிருக்குப் போர்த்த ஒரு சாக்கையும் மடித்து வைத்தேன். கீழே காற்றே அனலாக வீசும், உன் உடும்பு வறுபட்டுப் போகும் என்றான் அண்ணன். அவனுக்குப் பொறாமை. தன்னையும் அனுப்பும்படி அப்பாவிடம் ஒரு நாள் கேட்டுப் பார்த்தான். ஆம்பளப் புள்ள இங்கே வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். ஒரு விஷயத்தில் நான் அண்ணனை முந்திவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு.

தீனிதான் பெரிய பாடாக இருந்தது. முதலில் எதைப் போட்டாலும் தொடவில்லை. வெட்டுக்கிளியைக் காலொடித்துப் போட்டேன். நத்தையை உடைத்துப் போட்டேன். அண்ணன் பிடித்துக் கொடுத்த எலிக்குஞ்சைப் போட்டேன். அது பட்டைக்கு அடியில் போய்க் கழுத்தைப் புடைத்துக்கொண்டு, சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி சீறிக்கொண்டே கிடக்கும். ஒரு தடவை கையை விட்டபோது மணிக்கட்டில் கீறிவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. முட்டையை உடைத்து ஓட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் முட்டை என்பது காய்ச்சல்காரருக்கும் வருகிற விருந்தாளிக்கும் உரியது. கேட்கத் தயங்கித்தான் கேட்டேன். அம்மா உடனே கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு உடும்பு வெளியே வந்தது. பிளவு நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தது. பிறகு ஓட்டுக்குள் மூக்கை விட்டு நக்கியது. நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் அது எனக்கு வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு தினமும் பழகினேன். காலையில் உடம்பு சூடேறும்வரை அது மந்தமாக இருக்கும், அப்போது தூக்கினால் எதிர்க்காது. முன்கால்களுக்குப் பின்னால் ஒரு கை, வால் தொடங்குகிற இடத்தில் ஒரு கை. வயிற்றை அமுக்கக் கூடாது. வாலை மட்டும் பிடித்தால் சுழற்றி அடிக்கும். கொஞ்ச நாளில் குச்சி நுனியில் நீட்டிய நத்தையை வாங்கித் தின்றது. என்னைத் தெரிந்து வாங்கியதா, பசிக்கு வாங்கியதா தெரியாது. தெரிந்துதான் என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். பெயர் மட்டும் வைக்கவில்லை. அது அந்தப் பையனுடைய உடும்பு, பெயர் வைக்கிற உரிமை அவனுக்குத்தான் என்று விட்டுவைத்தேன்.

அம்மா எனக்கும் முட்டை அவித்துக் கொடுக்கத் தொடங்கினார். தனக்கு ஏன் இல்லை என்று கேட்ட அண்ணனை ஓங்கி அறைந்தார். அதற்கு முன் அம்மா கை நீட்டி நான் பார்த்ததில்லை. உடும்பைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்குத் தெம்பு வேண்டாமா என்று நான் அண்ணனுக்கு விளக்கினேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் மண்டிக்காரரின் ஜீப் வந்து, ஆள் உயரத் தராசு ஒன்றையும் இரும்புப் படிக்கற்களையும் எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனது. அப்பா அதைப் பலா மரக் கிளையில் தொங்கவிட்டார். அதுவரை ஒவ்வொரு குடியிருப்பாகப் போய் ஜீப் நின்று புளி எடுத்தது. இனிமேல் சுற்றுவட்டாரம் எல்லாம் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துப் போட வேண்டும், அப்பாதான் மண்டிக்காரரின் ஆள். கீழ்நாட்டான் என்று கூப்பிட்டவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு 'பாத்துப் போடுங்க' என்றார்கள். அப்பா தினமும் சட்டை போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். அவர் குரல்கூடக் கொஞ்சம் மாறியது. எப்படி இவ்வளவு பெரிய வேலை கிடைத்தது என்று கேட்டவர்களிடம், எல்லாம் உடும்பு வூட்டுக்கு வந்த நேரம் என்று சொன்னார். நான் அதைக் கேட்டு உடும்புக்கு அன்று இரண்டு நத்தை கூடுதலாகக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் என் பெயரை அடித்துவிடும்படி சொல்ல அப்பாவே வந்தார். கீழே கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள், மொதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றார். வாத்தியாருக்குச் சந்தோஷம். நன்றாகப் படி என்று தலையில் கை வைத்தார். வருகிற வழியில், உடும்பைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக விடுவார்களா என்று அப்பாவைக் கேட்டேன். அப்பா சிரித்தார். எனக்குத் தெரிந்து அந்தப் பருவத்தில் அவர் என்னோடு சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அம்மா சொல்லிக்கொடுத்ததுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. நான் உடும்போடு பழகிக்கொண்டிருந்தால் அவர் எனக்கு நெல்லுச்சோறு வடிக்கச் சொல்லிக்கொடுத்தார். சாமைச்சோற்றைப் போல இல்லை, பதம் பார்த்து வடிக்க வேண்டும் என்று யாரிடமோ வாங்கிவந்த ஒரு பிடி அரிசியைப் போட்டுக் காட்டினார். உடும்பு சோறு தின்னாதே என்றேன். பேசாமல் பதத்தைப் பார் என்றார். கைக்குழந்தையைத் தலை தாங்கித் தூக்குவது எப்படி என்று தலையணையை வைத்துக் காட்டினார். துணி அலசக் காட்டினார். கிளம்புவதற்கு முந்தின நாள் எண்ணெய் வைத்துத் தலையை வாரிக்கொண்டே, பின்னாலிருந்து, மெல்லிய குரலில் பேசினார்.

"அந்த வூட்ல ஆம்பளைங்க இருக்கற எடத்துல தனியா நிக்காத. படுக்கறப்ப கதவுக்குத் தாப்பா போட்டுக்கோ. தாப்பா இல்லன்னா அந்தம்மா கால்மாட்டுலயே படுத்துக்கோ."

"அப்ப உடும்பு எங்கம்மா படுக்கும்?"

சீப்பு கொஞ்ச நேரம் என் தலையிலேயே நின்றது. அது பெட்டியில் படுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, சடையை வலிக்க வலிக்க இறுக்கிப் பின்னினார்.

கடைசி நடைக்கு ஜீப் வந்தது. அம்மா தன் கழுத்து ஜெபமாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். பாதை வரைக்கும் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். கொட்டை எடுக்கக் கட்டையால் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வழியனுப்ப வராமல் புளி தட்டுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அப்பா என்னைப் பின்னால் மூட்டைகள்மேல் தூக்கி உட்காரவைத்து, பெட்டியை மடியில் வைத்தார்.

"பொட்டிய வுட்டு எங்கயும் போவாத," என்றார்.

வழியெல்லாம் வளைவு. நான் இரண்டு பக்கமும் வாந்தி எடுத்தேன். ஆனால் பெட்டிமேல் ஒரு சொட்டு விழவிடவில்லை. புழுதி உள்ளே போகாமல் சாக்கால் மூடிக்கொண்டு, குலுங்கும்போதெல்லாம் பெட்டியை மூட்டையில் இடிபடாமல் கைகளில் ஏந்திக்கொண்டேன். திருப்பத்தூர் வந்து சேர்ந்தபோது தோள்பட்டை தூக்க முடியாமல் வலித்தது. அண்ணன் சொன்னது சரிதான். காற்று அனலாகத்தான் இருந்தது.

மாடி வைத்த வீடு. முன்னால் இரும்புக் கேட்டு, பின்னால் கிணறும் துவைக்கிற கல்லும். பையன் குதித்துக்கொண்டு ஓடிவந்தான். எப்படித் தூக்க வேண்டும் என்று அவனுக்குக் காட்டப்போகிற பெருமையில் நான் மூடியைத் திறந்தேன். நாளெல்லாம் குலுங்கி மிரண்டு போயிருந்த உடும்பு வெளியே வந்ததும் உடம்பைப் புடைத்துச் சீறியது. நான் பிடிப்பதற்குள் வாலை வீசியது. வால் பையனின் கணுக்காலில் பட்டது. காயம் ஒன்றும் இல்லை, சிவக்கக்கூட இல்லை. அவன் அலறிக்கொண்டு மல்லாக்க விழுந்தான். அந்த அம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு எவ்வளவு வேகமாக வரமுடியுமோ அவ்வளவு வேகமாக வந்தார். என்னைத் திட்டவில்லை. அதை இங்கே சொல்ல வேண்டும். மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவரைக் கூப்பிட்டு, இதை எங்கேயாவது எடுத்துப் போ என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆள் ஒரு கோணிப்பையோடு வந்தார். நான் உடும்பைப் பிடித்துக் கொடுத்தேன். அவருக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். வயிற்றை அமுக்கக் கூடாது, காலையில் வெயில் படுகிற இடத்தில் விட வேண்டும், முட்டையை உடைத்து ஓட்டோடு வைத்தால்தான் தின்னும், தண்ணீர்ச் சட்டியைப் புதைத்து வைக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் சரி பாப்பா, சரி பாப்பா என்று தலையாட்டிக்கொண்டார். மறுநாள் அவரைக் கிணற்றடியில் பார்த்தபோது, உடும்பு எப்படி இருந்தது என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"நல்லா இருந்திச்சி பாப்பா," என்றார். பக்கத்தில் நின்றிருந்தவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று அப்போது தெரியவில்லை. புது இடத்தில் ஒரே நாளில் பழகிவிட்டதே என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

உடும்பு போன அன்று சாயங்காலம், இனி நான் எப்போது வீட்டுக்குப் போவது என்று அந்த அம்மாவைக் கேட்டேன். இப்போதுதானே வந்திருக்கிறாய், போய் அந்தத் தட்டுகளைத் தேய்த்துவிட்டு வா என்றார். தேய்த்தேன். பையனுக்குப் பயம் தெளிந்ததும் உடும்பைத் திரும்பக் கொண்டுவருவார்கள், அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, அதனால் நானாக உதவி செய்கிறேன் என்று என் மனதில் ஒரு கணக்கு. பெருக்கினேன், துணி அலசினேன், சோறு வடித்தேன். சோறு பதமாக இருக்கிறது என்று அந்த அம்மா ஆச்சரியப்பட்டார். பெட்டியிலிருந்த மணலை யாரோ கொட்டிவிட்டு அடுப்புக்கரி போட்டு வைத்தார்கள். பிறகு குழந்தை பிறந்தது. அதைத் தலை தாங்கித் தூக்க எனக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல முடிந்தால் எனக்கு எளிதாக இருக்கும். அடித்ததில்லை. சூடு போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூட்டிப்போவார்கள், கடைசி வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். யாராவது கேட்டால், மலையிலிருந்து வந்த பெண், நம்ம சனம்தான், வீட்டுப் பிள்ளை மாதிரி என்பார் அந்த அம்மா. வீட்டுப் பிள்ளைகள் மேசையில் சாப்பிட்ட தட்டைத்தான் நான் கழுவினேன். கான்வென்டுக்கும் நான் தினமும் போனேன். பையனின் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, கேட்டு வரைக்கும். நீலப் பாவாடை போட்ட பெண்கள் கோடு கிழித்து நொண்டி விளையாடுவதைக் கம்பி வழியாகப் பார்ப்பேன். எப்போது சேர்ப்பீர்கள் என்று ஒரு தடவை மண்டிக்காரரைக் கேட்டேன். சேர்க்கலாம் சேர்க்கலாம் என்றார். கோபமில்லாமல், நல்லபடியாகத்தான் சொன்னார்.

மழைக்காலம் முடிந்து மறுபடியும் புளி இறங்கத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் அப்பா லோடோடு வந்தார். நான் குழந்தைத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்கக் கதவு வழியாக வந்து நின்றார். புதுச் சட்டை. கால்களில் செருப்பு. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஈரக்கையோடு எப்படித் தொடுவது என்று நின்றுவிட்டேன்.

நெடுநாள் மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். உடும்பு இங்கே இல்லை, வந்த அன்றைக்கே போய்விட்டது, பையனுக்குப் பயம். அதனால் பார்த்துக்கொள்ள இங்கே ஒன்றும் இல்லை. உங்களுக்கு அது தெரிந்திருக்காது, தெரிந்தால் எப்போதோ வந்து கூட்டிப்போயிருப்பீர்கள். இப்போது போகலாமா.

அப்பா துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சோறு போடறாங்களா?" என்று கேட்டார்.

"போடறாங்க. நெல்லுச்சோறு. ரெண்டு வேளையும்."

"அப்பறம் இன்னா," என்றார்.

அம்மா நன்றாக இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றார். அண்ணனைப் போளூரில் ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறோம், நன்றாகப் படிக்கிறான் என்றார். மண்டியில் வேலை இருக்கிறது, கணக்கு முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, உள்ளே கூப்பிட்டு அந்த அம்மா கொடுத்த காப்பியையும் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

வருகிறேன் என்று அவர் சொன்னதை நான் வருகிறேன் என்றே எடுத்துக்கொண்டேன். என் பாவாடை சட்டையை மடித்துத் துணிப்பையில் வைத்தேன். மூஞ்சி கழுவி, அவிழ்ந்திருந்த சடையை நானே பின்னிக்கொண்டேன். குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு முன்பக்கக் கேட்டுக்கு உள்ளே வந்து நின்றேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மலைக்குப் போகிற ஜீப் அந்தத் தெரு வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

ஜீப் வந்தது. பின்னால் காலிச்சாக்குக் கட்டுகள்மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் கேட்டுக் கம்பியில் ஏறி நின்று கையை ஆட்டினேன். வேகம் ஒன்றும் அதிகமில்லை. நான் நின்ற கேட்டருகே வரும்போது அவர் தலையைக் குனிந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெரு முனை திரும்பும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

புழுதி அடங்கும்வரை நான் கம்பியிலேயே நின்றேன். அழவில்லை. அப்பாவுக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது, அதனால்தான் என்னைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே நின்றது என் தப்பு. அடுத்த லோடு வரும்போது கேட்டுக்கு வெளியே, தெருவில், நன்றாகக் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.